ஷெனெக்டடியில் பிறந்த நீண்ட முகம்

1946-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், நியூயார்க் நகரத்தின் செல்வத்துக்கும் நாகரிகத்துக்கும் இருப்பிடமென்று உலகமெல்லாம் பேர்பெற்றிருந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் அடித்தளத்தில், கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பூமிக்கடியில் ஓடிவரும் ரயில் பாதையின் கிளையொன்றில், சிவப்பும் வெள்ளியும் பூசிய ஒரு டீசல் இஞ்சினைக் கொண்டுவந்து பார்வைக்கு நிறுத்தினார்கள். மூன்று வண்டிகளை ஒன்றோடொன்று கோத்து 51 என்ற எண்ணைச் சூட்டியிருந்த அந்த இஞ்சின், சாண்டா ஃபே ரயில்வேக்காக அமெரிக்கன் லோகோமோடிவ் கம்பெனி, அதாவது ஆல்கோ, தனது 75,000-ஆவது இஞ்சின் என்று பெருமையோடு அறிவித்துச் செய்து கொடுத்தது. பணிமனையிலிருந்து நேரே பாரம் இழுக்கப் போக வேண்டிய ஒரு யந்திரத்தை, தண்டவாளத்தில் ஓட விடுவதற்கு முன்பே, புதிதாக அரங்கேறும் நர்த்தகியைப் போல நகரத்துப் பிரமுகர்களின் முன் நிறுத்த வேண்டும் என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றிய காலம் அது; அந்த எண்ணம் வீண் ஆடம்பரத்தில் பிறந்ததன்று என்பதை, அந்த இஞ்சினின் முகத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

நீராவி இஞ்சினுக்கு முகம் என்று ஒன்றை யாரும் தனியே சிருஷ்டித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கொதிகலனின் வட்டமான முன்கதவும், அதற்கு மேலே புகைபோக்கியும், நடுநெற்றியிலோ உச்சியிலோ ஒளிரும் விளக்கும், இரு புறமும் புடைத்து நிற்கும் நீராவி உருளைகளும், அவற்றிலிருந்து பின்னோக்கி ஓடிச் சக்கரங்களை முன்னும் பின்னும் அசைத்துச் சுழற்றும் எஃகுத் தண்டுகளும் ஆகிய அதன் அவயவங்களே அதன் லட்சணம். எது எதைச் செய்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் கண்ணுக்குப் பிரத்தியட்சம். டீசல் இஞ்சின் வந்தபோது இந்த நிலைமை தலைகீழாக மாறிற்று. எண்ணெயை எரிக்கும் டீசல் யந்திரம், அது சுழற்றும் மின் ஜெனரேட்டர், அங்கிருந்து மின்சாரம் பெற்று அச்சுகளைத் திருப்பும் மோட்டார்கள், குளிர்விக்கும் விசிறி, ரேடியேட்டர் என்று அதன் உறுப்புகள் யாவும் நீண்டதொரு தகரக் கூடத்துக்குள் மறைந்துபோயின. வேலை செய்கிற எதுவும் வெளியே தெரியாத இந்தப் பெட்டியைப் பிரயாணிக்கு எப்படி அறிமுகப்படுத்துவது, அதன் பலத்தை அவன் எதைக் கண்டு நம்புவது என்ற கேள்வி எழுந்தபோதுதான், ரயில் இஞ்சினுக்கு வடிவம் தீட்டுதல் என்ற தனிக் கலை அமெரிக்காவில் தலையெடுத்தது.

அந்தக் கலையின் முதல் வெற்றிகள் ஆல்கோவுக்குச் சொந்தமானவை அல்ல. 1934-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி, பர்லிங்டன் ரயில்வேயின் ஸெஃபர் என்ற துருப்பிடிக்காத எஃகு ரயில், டென்வரிலிருந்து சிக்காகோ வரையுள்ள 1,015 மைலை 13 மணி 5 நிமிஷத்தில் ஓடி முடித்து, டீசலின் வல்லமையைத் தேசம் முழுவதற்கும் நிரூபித்தது. ஆனால் ஸெஃபரின் ஓட்டுநர் ரயிலின் முன் நுனியிலேயே, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் சில அங்குலம் பின்னால் உட்கார்ந்திருந்தார். லெவல் கிராஸிங்கில் ஒரு லாரி குறுக்கே வந்துவிட்டால் அவர் உயிருக்கு என்ன கதி என்பதும், காலடியில் இடைவிடாமல் பாய்ந்து மறையும் தண்டவாளக் கட்டைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் மனமும் மயங்கிப்போகும் என்பதும் விரைவிலேயே பேசப்பட்டன. ஆகவே ஓட்டுநரின் அறையை உயர்த்திப் பின்னே தள்ளி, அதற்கு முன்னால் ஒரு மூக்கை நீட்டிவைக்கலாயினர். டீசல் இஞ்சினின் மூக்கு அலங்காரத்துக்காகப் பிறந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது முதலில் ஒரு கேடயமாகப் பிறந்து, பிறகுதான் அழகுபெற்றது.

ஜெனரல் மோட்டார்ஸின் குடைக்கீழ் இயங்கிய எலெக்ட்ரோ-மோடிவ், இல்லினாய் மாநிலத்து லா கிரேஞ்சில் கட்டிய தன் ஆலையில், 1937-இல் சாய்வான நீண்ட மூக்குடைய பிரயாணி இஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. மோட்டார் கார்களுக்கு வர்ணமும் வடிவும் வகுத்துப் பழகிய அந்த ஸ்தாபனத்தில், லேலண்ட் நிக்கர்பாக்கர் என்ற சித்திரக்காரர், அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்கள் போருக்குச் செல்கையில் அணியும் இறகுக் கிரீடத்தை மனத்தில் கொண்டு, மூக்கில் தொடங்கிச் சிவப்பு பின்னோக்கி விரிந்து வெள்ளியில் கரையும் ஒரு வர்ணக்கோலத்தைச் சாண்டா ஃபேயின் சூப்பர் சீஃப் ரயிலுக்காக வகுத்தார். அமெரிக்க ரயில்களின் சரித்திரத்தில் அதைவிடப் புகழ்பெற்ற உடை வேறில்லை. பின்னர் அந்தச் சாய்மூக்கைக் குறுக்கி உருட்டி, ‘புல்டாக் மூக்கு’ என்று உலகம் அழைக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, 1939-இல் வெளியான சரக்கு இஞ்சினுக்கும் அதற்குப் பின்வந்த ஆயிரக்கணக்கான இஞ்சின்களுக்கும் அதையே நிலையாக்கினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைந்துகொண்டேயிருக்கும் அந்த மூக்கை ஒரே அழுத்தில் வார்த்தெடுக்க இயலாது. தனித்தனித் துண்டுகளைப் பற்றவைத்து, இணைப்புகளைப் பூசி நிரப்பி, தேர்ந்த கைகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே அது வர்ணத்துக்குத் தயாராகும். வரிசை வரிசையாக ஆலையிலிருந்து வெளிவந்த யந்திரங்களின் முகத்தில் இவ்வளவு கைவேலை ஒளிந்திருந்ததைப் பலர் அறியார்.

ஆல்கோவின் பாரம்பரியம் வேறு. நியூயார்க் மாநிலத்தில் மொஹாக் ஆற்றங்கரையிலுள்ள ஷெனெக்டடியில் 1848-இல் தொடங்கிய பழைய இஞ்சின் ஆலையையும் வேறு பல ஆலைகளையும் 1901-இல் ஒன்றாக்கிப் பிறந்தது அந்தக் கம்பெனி. 1869-இல் அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதையால் இணைத்த வைபவத்தில், ப்ரொமாண்டரியில் எதிரெதிராக நின்ற இரண்டு இஞ்சின்களில் ஒன்றான ஜூபிடர், ஷெனெக்டடியில் செய்யப்பட்டது. உலகிலேயே மிகப் பெரிய நீராவி இஞ்சின்களின் வரிசையில் வைத்து எண்ணப்படும் ‘பிக் பாய்’ இஞ்சின்கள், யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் அங்கேயே செய்யப்பட்டன. நீராவியில் இத்தனை பெருமை கண்ட குடும்பம், டீசலுக்குத் திரும்பியபோது தயக்கத்தோடு திரும்பியது என்று சொல்வது நியாயமாகாது. ரயில் யார்டுகளில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் சிறு டீசல்களில் அது முன்பே கைதேர்ந்திருந்தது. ஓட்டோ கூலர் என்ற வடிவக் கலைஞரைக் கொண்டு, கூர்ந்த முகமுடைய டி.எல்-109 போன்ற பிரயாணி இஞ்சின்களையும் 1940 முதல் செய்துபார்த்தது. ஆனால் உலக யுத்தம் குறுக்கிட்டது. எந்த ஆலை எதைச் செய்யலாம் என்று அரசாங்கத்தின் யுத்த உற்பத்திச் சபை வகுத்தபோது, நெடுந்தூரச் சரக்கு டீசல் செய்யும் வாய்ப்பு எலெக்ட்ரோ-மோடிவுக்கே கிட்டியது. ஆல்கோவுக்குப் பெரும்பாலும் நீராவி இஞ்சின்களும் யார்டு டீசல்களுமே விதிக்கப்பட்டன. யுத்தம் முடிந்து ரயில்வேக்கள் யாவும் டீசலைக் கேட்டு நின்ற வேளையில், போட்டியாளன் சில வருஷ அனுபவத்தோடு முன்னே நிற்க, ஆல்கோ அவசர அவசரமாக ஒரு புது டீசல் யந்திரத்தையும் அதற்கு ஒரு புது உடலையும் தேட வேண்டியதாயிற்று.

உடலை உருவாக்கும் பொறுப்பு, மின்சாதனங்களைச் செய்து கொடுத்து ஆல்கோவோடு கூட்டாக வியாபாரம் நடத்திய ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வடிவக் கலைஞர் ரே பாட்டனிடம் வந்தது. இல்லங்களில் புழங்கும் மின்சாதனங்களுக்குத் தோற்றம் கொடுத்துப் பழகிய கை அவருடையது. கடையில் வரிசையாக நிற்கும் பொருள்களில் எது ஒரு குடும்பத்தலைவியின் கண்ணில் முதலில் படும் என்பதை ஆராய்ந்த அதே புத்தியை அவர் 65 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு ரயில் இஞ்சினிடம் செலுத்தினார். தனித்தன்மையும் வலிமையும் தோற்றத்திலேயே தெரிய வேண்டும், அந்தத் தோற்றமே ரயில்வேக்குப் பிரயாணிகளையும் சரக்குக்காரர்களையும் சம்பாதித்துத் தர வேண்டும் என்பது அவர் நோக்கம். மோட்டார் காரும் ஆகாய விமானமும் ரயிலின் வாடிக்கையைப் பறித்துக்கொண்டிருந்த அந்நாளில், அந்த நோக்கத்தின் பின்னால் ரயில்வேக்களின் பயம் முழுவதும் நின்றது. 1946 தொடக்கத்தில் எஃப்-ஏ என்ற குட்டையான சரக்கு இஞ்சினும், அதே ஆண்டில் பி-ஏ என்ற நீளமான பிரயாணி இஞ்சினும் வெளிவந்தன; வால்டார்ஃப் அஸ்டோரியாவின் அடித்தளத்தில் நின்றது இந்த பி-ஏதான். ஒரே ஜாடையில் பிறந்த சகோதரர்கள் இருவரில், அளவும் லட்சணமும் முழுமையாகக் கூடிவந்தது பி-ஏயிடத்தில்தான்.

அந்த முகத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மூக்கு, ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு முன்னே நீண்டு நிற்கிறது. அதன் மேற்பரப்பு புல்டாக் மூக்கைப் போல உருண்டு சரிவதில்லை. சிறிதளவே தாழ்ந்து, ஏறத்தாழச் சமமாகவே ஓடி, நுனியில் நிமிர்ந்த ஒரு முகப்பாக முடிகிறது. பக்கங்களும் அப்படியே, தட்டையாக வந்து, முன்னே நெருங்கும்போது மெல்லக் குறுகி, ஓரங்களில் மட்டும் வளைந்து கூடுகின்றன. முகப்பின் நடுவே, கிடைக்கம்பிகளாலான ஒரு சதுரக் கிராதி. அதன் மத்தியில் விளக்கு. வேறு இஞ்சின்களில் விளக்கென்பது மூக்கின்மேல் ஒட்டவைத்த ஒரு பொருளாக நிற்கும். இங்கே கிராதியின் உள்ளிருந்து எட்டிப்பார்ப்பதால், அது முகத்தோடு கூடவே பிறந்த கண்ணாகத் தோன்றுகிறது. மூக்கின் முடிவில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள், நடுவில் ஒரு கம்பத்தில் சந்தித்துப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் இவ்வளவு நீண்ட மூக்கு வெறும் பெட்டியாகிவிடும். சாய்வு இருப்பதால், நின்றுகொண்டிருக்கும்போதே இஞ்சின் முன்னே சென்றுகொண்டிருப்பது போன்ற ஒரு பிரமை பார்ப்பவன் மனத்தில் எழுகிறது. தொடக்க காலத்து வண்டிகள் சிலவற்றில், ஓட்டுநரின் பக்க ஜன்னலுக்குப் பின்னால் அரைச் சந்திர வடிவில் ஓர் அலங்காரமும் உண்டு.

அறைக்குப் பின்னே, கூரையின் விளிம்பை ஒட்டிக் காற்று உட்புகும் கிராதிகள் ஓடும் நீண்ட பக்கம், ஒரு முறிவும் மேடுபள்ளமும் இன்றி வால்வரை செல்கிறது. கடைசியில் ரேடியேட்டரும், கூரையில் ஒரே பெரிய விசிறியும், குளிர்காலத்தில் பிரயாணிப் பெட்டிகளைச் சூடாக்க நீராவி தரும் சிறு கொதிகலனும் இருக்கின்றன. கீழே, மும்மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு சக்கரத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் மோட்டார். நடு அச்சு பாரத்தை மட்டும் தாங்கும். அந்தச் சக்கரத் தொகுதிகளின் நீளமும், மேலே மூக்கின் நீளமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நிற்பதால்தான், இவ்வளவு பெரிய சரீரம் கனத்துத் தொங்காமல் தாழ்ந்து பாய்வதுபோலக் காணப்படுகிறது. இதே முகத்தைக் குட்டை உடலில் பொருத்திய எஃப்-ஏயில் அந்தக் கம்பீரம் பாதிதான் வந்தது என்பதைக் கவனித்தால், அழகு முகத்தில் மட்டும் இல்லை, அளவுகளின் பொருத்தத்தில் இருக்கிறது என்பது புலனாகும்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காகவே இத்தகைய வடிவங்கள் ஏற்பட்டன என்று அக்காலத்து விளம்பரங்கள் முழங்கின. ஆனால் பதினைந்து பெட்டிகளைக் கோத்த ஒரு நீண்ட ரயிலுக்குக் காற்றின் தடை பெரும்பாலும் பக்கங்களிலும், பெட்டிகளின் இடைவெளிகளிலும், அடிப்புறத்தின் குழப்பங்களிலுமே ஏற்படுகிறது. முன் மூக்கின் வளைவால் கிடைக்கும் லாபம் சொற்பம். பாட்டனின் நேர்முகம் இந்த உண்மையை மறைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயத்தில் அதற்குரிய பெருமை. புல்டாக் மூக்கைக் காற்று செதுக்கியது என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடலாம். பி-ஏயின் முகத்தைப் பார்த்து அப்படி யாரும் சொல்லார். அது தனக்குள்ளிருக்கும் பலத்தைப் பற்றிப் பேசுகிறது. கொதிகலனும் தண்டுகளும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்துவிட்ட பிறகு, பழைய நீராவி இஞ்சினிடம் மனிதர்கள் கண்ட மரியாதையை வேறொரு பாஷையில் மீட்டுத் தர முயல்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் கம்பெனியும், ஹேட்லி, ரைடர், பீடர்ஸன் என்ற மூவர் கூட்டைக் கொண்டு, 1948-இல் சுறாமீனின் மூக்கு என்று பெயர் வாங்கிய கூரிய முகமொன்றைச் செய்தது; துணிச்சலான வேலைதான், ஆனாலும் அதில் ஒரு கோபம் தெரிகிறது. எலெக்ட்ரோ-மோடிவின் முகத்தில் இருப்பது இனிமை. பி-ஏயிடம் இருப்பது கம்பீரம். ரசிகர்களிடையே இந்த வரிசை பற்றி இன்றும் வாதம் நடக்கிறது; என் வாக்கு ஷெனெக்டடிக்கே.

சாண்டா ஃபேயின் சிவப்பு இறகுக் கிரீடம் எலெக்ட்ரோ-மோடிவின் மூக்குக்காகவே வரையப்பட்டதாயினும், பி-ஏயின் நீண்ட மூக்கில்தான் அது தங்குதடையின்றி விரிந்து ஓட இடம் கிடைத்தது. ஸதர்ன் பசிபிக் தன் டேலைட் ரயிலின் ஆரஞ்சையும் சிவப்பையும் கறுப்பையும் அதன்மேல் பூசியது. வேறெந்த ரயில்வேயையும்விட அதிகமான பி-ஏக்களை வைத்திருந்ததும் அதுவே. நிக்கல் பிளேட் ரயில்வே நீலமும் வெண்மையும் பூசிய தன் 11 இஞ்சின்களுக்கு நீலப்பறவை என்று பெயர் பெற்றுத்தந்தது. பென்ஸில்வேனியாவும், நியூயார்க் சென்ட்ரலும், ஈரியும், லீஹை வேலியும், ராக்கி மலைகளில் ஏறும் ரியோ கிராண்டேயும், தெற்கே மிஸௌரி பசிபிக்கும் வாங்கின. 1946 முதல் 1953 வரை ஓட்டுநர் அறையோடு கூடியவை 250, அறையில்லாத துணை வண்டிகள் 47, ஆக 297 வண்டிகள். போட்டியாளனின் எஃப்-7 என்ற ஒரே ரகம் மட்டும் ஏறக்குறைய அதே காலத்தில் 3,800-க்கும் மேல் விற்றது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆல்கோ எந்த இடத்தில் நின்றது என்பது விளங்கும்.

காரணம் உடலில் இல்லை; உள்ளே இருந்தது. 244 என்று எண் சூட்டிய அந்த டீசல் யந்திரம், V வடிவில் 16 உருளைகளைக் கொண்டு முதலில் 2,000 குதிரைச் சக்தியும் பின்னர் 2,250-உம் தந்தது. எலெக்ட்ரோ-மோடிவின் யந்திரம் இரண்டடிச் சுழற்சியில் ஓடி, ஒரே சீராக இரையும். இது நாலடிச் சுழற்சியில் ஓடி, தூரத்திலிருந்தே கேட்கும்படி தாளம் போடும். சீக்கிரமாகச் சந்தைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஆண்டுக்கணக்கில் செய்திருக்க வேண்டிய பரீட்சைகளை முடிக்காமலேயே அதை ஓட விட்டார்கள். தண்டவாளத்தின் மேல்தான் அந்தப் பரீட்சை நடந்தது. வளைதண்டுகள் முறிந்தன, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ சார்ஜர்கள் பழுதாயின, பிரயாணிகளோடு நடுவழியில் நின்ற ரயில்களும் உண்டு. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மோட்டார்கள் மலையேற்றத்தில் நீண்ட நேரம் அதிகப் பாரத்தைப் பொறுத்துக்கொண்டு இழுத்தன, ஆகவே செங்குத்தான பாதைகளில் இந்த இஞ்சின்களை மதித்த ஓட்டுநர்கள் பலர்.

அந்த டர்போ சார்ஜரால் மற்றொரு விசேஷமும் நேர்ந்தது. ஓட்டுநர் கைப்பிடியைத் திறந்தவுடனே எண்ணெய் உருளைகளுக்குள் பாய்ந்துவிடும்; அதை எரிக்கப் போதுமான காற்றை ஊட்ட வேண்டிய சுழலியோ வேகம் பிடிக்கச் சில விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவேளையில், முழுதும் எரியாத எண்ணெய் கரும்புகையாகக் கூரையின் வழியே கொப்பளித்து, நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயிலின் மேல் ஒரு பெரிய மேகமாக எழும். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு அது வீணான எரிபொருள். ஆனால் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகத் தேசத்தைவிட்டு மறைந்துகொண்டிருந்த அந்தப் பத்தாண்டில், பாதையோரத்தில் நின்றவர்களுக்கு அந்தப் புகையும், தாளமிடும் அந்தச் சப்தமும், நீண்ட அந்த முகமும் கூடி வேறொன்றை நினைவூட்டின. போக்குவரத்துச் சரித்திரத்தில் பெரும் புலமை படைத்த பேராசிரியர் ஜார்ஜ் ஹில்டன், பி-ஏக்குக் கௌரவ நீராவி இஞ்சின் என்ற பட்டத்தையே அளித்துவிட்டார். 

யந்திரத்தின் குறைகளைக் காலப்போக்கில் திருத்தியிருக்கலாம். உண்மையில் திருத்தவும் செய்தார்கள். திருத்த முடியாத வேறொரு விஷயம் இருந்தது. முழு உடலையும் தகட்டால் போர்த்திய இந்த வகை இஞ்சின்களில், பக்கச்சுவர்களின் உள்ளே பாலத்தின் சட்டங்களைப் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் எஃகு அமைப்பே பாரத்தைத் தாங்குகிறது. ஆகையால் பழுது பார்க்கும் தொழிலாளி எல்லாவற்றையும் உள்ளே புகுந்து, ஒடுங்கிய நடைவழியில் நின்று செய்ய வேண்டும். பின்னோக்கி நகர்த்தும்போது ஓட்டுநருக்குப் பின்புறம் தெரியாது; வழியில் ஒரு சிறு நிலையத்தில் இரண்டு பெட்டிகளைக் கழற்றிவிட்டு வர வேண்டுமென்றால் அது பெரும் பாடு. இதற்கு மாற்றாக, யந்திரத்தை நடுவே ஒரு குறுகிய மூடியால் மூடி, இரு புறமும் நடைமேடை விட்டு, இரு திசையும் தெரியும்படி அறையை வைத்துச் செய்யும் இஞ்சின், நெடுவழிக்கும் யார்டுக்கும் ஒருங்கே உதவியது. அந்த வகையை முதன்முதலில் 1941-இல் ஆர்.எஸ்-1 என்ற பெயரில் உலகுக்குத் தந்தது இதே ஆல்கோதான். யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் முதல் 13 இஞ்சின்களையும் எடுத்துக்கொண்டு, ஈரானின் மலைப்பாதையில் ரஷ்யாவுக்குத் தளவாடம் கொண்டுசெல்ல அனுப்பிற்று. 1949-இல் எலெக்ட்ரோ-மோடிவ், ரிச்சர்ட் டில்வர்த்தின் கைவண்ணத்தில், ஜி.பி-7 என்ற இஞ்சினை அந்த அச்சிலேயே வார்த்து வெளியிட்டபோது, அழகைப் பற்றிக் கவலையே படாமல் வேலையை மட்டும் கருதிச் செய்யப்பட்ட அந்த உருவத்தை ரயில்வேக்கள் ஆயிரக்கணக்கில் வாங்கின. பிரயாணிகளும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். முகம் காட்டி யாரை அழைப்பது? 1953-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்குடனான கூட்டு முறிந்தது. அதே ஆண்டின் இறுதியில் பி-ஏயின் உற்பத்தியும் நின்றது. 1969-இல் ஷெனெக்டடி ஆலையே இஞ்சின் தொழிலை மூடிவிட்டது.

244-இன் பிழைகளிலிருந்து கற்றுக்கொண்டு ஆல்கோ செய்த 251 என்ற யந்திரம், அந்தக் கம்பெனிக்குப் பின்னும் வாழ்ந்தது. நம் நாட்டுக்கு இந்தக் கதையில் இடமுண்டாவது அதன் வழியாகவே. ஆல்கோ 1953-இல் வெளிநாடுகளுக்கென்று வகுத்த டி.எல்-500 என்ற இஞ்சினுக்கு, பாட்டனின் முகத்தைக் குறுக்கி மழுக்கியது போன்ற ஒரு மூக்கு இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஓடிய 44-ஆம் வகுப்பு இஞ்சின்களும், இந்திய ரயில்வே 1957 முதல் வரவழைத்த டபிள்யூ.டி.எம்-1 என்ற 100 இஞ்சின்களும் அந்த ஜாடையைச் சேர்ந்தவை. அதன்பின் வந்ததும், 1964 முதல் வாராணசியிலேயே செய்யப்பட்டதுமான டபிள்யூ.டி.எம்-2, முகமென்று ஒன்றைப் பாராட்டாத வேலைக்காரன். பொன்மலையிலும் ஈரோட்டிலும் உள்ள ஷெட்டுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் பிரித்துப் பூட்டிய ஆல்கோ அதுதான். எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் ரயில்களை இழுத்த ஒய்.டி.எம்-4-இன் உள்ளே தாளம் போட்டதும் அதே 251-இன் சிறு வடிவமே. அந்தக் குடும்பத்தின் இருதயம் நமக்கு வந்துசேர்ந்தது. முகம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது.

அங்கேயும் அது தங்குவதற்குப் பெரும்பாடு பட்டது. 1960-களில் பி-ஏக்கள் கூட்டங்கூட்டமாக உடைப்புக் களங்களுக்குப் போயின. 1967-இல் நியூயார்க் மாநிலத்தின் டெலவேர் அண்ட் ஹட்ஸன் ரயில்வே, சாண்டா ஃபே கழித்துக்கட்டிய நான்கை விலைக்கு வாங்கி, பழைய சிவப்புக் கிரீடத்தின் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்புக்குப் பதில் நீலம் பூசி, வடக்கே மான்ட்ரியால் செல்லும் பாதையில் ஓட்டியது. 1970-களின் நடுவில் ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரில் மாரிஸன்-நுட்ஸன் கம்பெனி அவற்றைப் பிரித்து, 244-ஐ எடுத்தெறிந்துவிட்டு, 251-ஐப் பொருத்தித் திருப்பித் தந்தது. 1978-இல் நான்கும் மெக்ஸிகோவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே விபத்துகளிலும் அலட்சியத்திலும் அடிபட்டு நின்றன. இன்று உலகில் எஞ்சியிருக்கும் சாண்டா ஃபே பி-ஏக்கள் அந்த நான்கே. இரண்டு மெக்ஸிகோவிலேயே இருக்கின்றன, அவற்றில் ஒன்று பியூப்லா நகரத்து ரயில் அருங்காட்சியகத்தில். மற்ற இரண்டு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு மீண்டன; ஒன்று டெக்ஸஸில் ஃப்ரிஸ்கோ நகரின் ரயில் அருங்காட்சியகத்துக்கு, பழைய சாண்டா ஃபே வேஷத்தைத் திரும்பப் பெறும் உத்தேசத்தோடு போயிற்று.

மற்றொன்றை டாயில் மக்கார்மக் என்பவர் ஆரிகான் மாநிலத்து போர்ட்லண்டுக்குக் கொண்டுசென்றார். ஸதர்ன் பசிபிக்கின் 4449 என்ற புகழ்பெற்ற நீராவி இஞ்சினை நெடுங்காலம் ஓட்டிப் பராமரித்த அவர், ஒஹாயோவில் நிக்கல் பிளேட் பாதையோரம் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் ஏறிச்சென்ற முதல் இஞ்சின், 190 என்ற எண்ணுடைய நீலப்பறவை. சட்டமும் தகடும் சிதைந்து வந்த அந்த வண்டியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரும் நண்பர்களும் ஒட்டுப்போட்டு நிமிர்த்தினார்கள். மூக்கின் தட்டைப் பக்கங்கள், ஓரத்தின் வளைவு, கிராதியின் கம்பிகள், கண்ணாடியின் சாய்வு ஆகிய ஒவ்வொன்றையும் பாட்டன் வகுத்த அளவுக்கே திரும்பக் கொண்டுவந்து, உள்ளே 251-ஐ வைத்து, நீலமும் வெண்மையும் பூசி, 190 என்று எண்ணிட்டார்கள். 2023-இல் அது கைமாறி, ஆல்கோ இஞ்சின்களையே நம்பி ரயில் நடத்தும் ஜெனெஸீ வேலி ஸ்தாபனத்துக்குச் சொந்தமாகி, பென்ஸில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகருக்கு வந்துசேர்ந்திருக்கிறது.